கதிரையை எண்ணிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்

பொது நிர்வாக அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும் திறைசேரியின் செயலாளர் அவர்களுக்கும் மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மணி,

1986இல் எழுதுவினைஞராக அரச சேவைக்குள் வந்தவள் நான். வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் பக்கத்தில்தான் என் சேவைக்காலத்தின் பெரும்பங்கு கழிந்தது. நான் சேர்ந்தபோது அந்தக் கந்தோரின் பெயர் உதவி அரசாங்க அதிபர் பணிமனை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பெயர்ப்பலகை பிரதேச செயலகம் என்று மாறியது. சனத்தின் வாயில் இன்றைக்கும் அது ஏ.ஜீ.ஏ. கந்தோர்தான். பிரதம முகாமைத்துவ உதவியாளராக 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஓய்வுபெற்றேன். அந்த வருடம் தொடங்கும்போது ஓய்வு வயது 65 என்றிருந்தது. முடியும்போது 60 ஆகிவிட்டது.

அரச ஊழியர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து அவர்களாகவே விலகிப்போகச் செய்வது பற்றிய பேச்சு சில வருடங்களாக எங்கள் கந்தோர்களில் ஓயாமல் இருக்கிறது. மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024இல் வந்தது, 2025இல் திருத்தப்பட்டது. புதிய கம்பனிகளுக்குப் போக விரும்பாதவர்களுக்குச் சுயவிருப்ப ஓய்வு என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சபைக்கு வந்தது நாளைக்குத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் வரும் என்று கந்தோர்ப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். என்னோடு வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா, வந்தா எடுக்கிறதா விடுறதா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. திட்டம் ஒன்று எழுதப்படுமாக இருந்தால், எழுதும் மேசைக்கு இந்த மடல் போய்ச் சேரவேண்டும்.

ஆள் கூடிவிட்டது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஏறக்குறைய 13 இலட்சம் பேருக்குச் சம்பளமும், அதற்கு மேல் ஓய்வூதியமும் கொடுக்கும் நாடு இது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு. எங்கள் கந்தோரிலேயே அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பத்துப் பேருக்கு நாலு கதிரை இருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். காலையில் கையொப்பமிட்டுவிட்டு, கதிரை இல்லாததால் மரத்தடியில் நின்ற பிள்ளைகள் அவர்கள். சோம்பேறிகள் அல்ல, பட்டதாரிகள். ஒரு வேலை குடுங்கோ என்று என்னிடம் வந்து கேட்டவர்கள். அதே கந்தோரில் காணிப் பகுதியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பக்கத்துக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் மூன்றை ஒருவர் பதில் கடமையாகப் பார்த்தார். ஒரு மேசையில் ஆள் நெரிபட, அடுத்த மேசை வெறிச்சென்று கிடந்தது. எங்கள் பக்கத்துப் பிரச்சினை அதுதான். சேவையை விட்டுப் போக விரும்புகிறவர் கை தூக்குங்கள் என்று மண்டபத்தில் நின்று கேட்டால், அந்த வெறிச்சோடிய மேசையில் இருப்பவரும் கை தூக்கலாம். நீங்கள் காசையும் கொடுத்து அவரை அனுப்பி வைப்பீர்கள்.

இது என் கற்பனை அல்ல.

2022 டிசம்பர் 31 சனிக்கிழமை. ஆகவே கடைசி வேலை நாள் 30ஆம் திகதி வெள்ளிக்கிழமை. எங்கள் கந்தோரில் அன்றைக்கு நான்கு பேர் ஒன்றாக இறங்கினோம். கேக்கும் ரோல்ஸும் வாங்கி வைத்திருந்தார்கள். மாலை போட்டார்கள், பேசினார்கள், அழுதார்கள். நாலரை மணிக்கு நான் என் அலுமாரித் திறப்பைப் பிள்ளை ஒருத்தியின் கையில் கொடுத்தேன். எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு யார் வருவார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. காணிப் பகுதியில் 30 வருடம் இருந்த அண்ணரும் அன்றைக்குத்தான் இறங்கினார். அவருடைய திறப்பை வாங்கவே ஆள் இல்லை. ஒரு கடித உறைக்குள் போட்டு, மேலே தன் பகுதியின் பெயரை எழுதி, மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

காணிப் பேரேடு என்றால் என்னவென்று கொழும்பில் இருக்கும் இளம் அதிகாரிகளுக்குத் தெரிந்திராது, அதனால் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் அதில் ஒரு பக்கம். யாருக்கு எப்போது அனுமதிப்பத்திரம் கொடுத்தது, அளிப்புப் பத்திரம் ஆனதா, தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, அதாவது பின்னுரித்தாளராக, யாரைப் போட்டார், எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும். இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன். எங்கள் பேரேடுகள் 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்து காய்ந்தவை. சண்டைக் காலத்தில் கந்தோர் இடம் மாறியபோது சாக்கில் கட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவை. சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இலக்கம் ஒரு பேரேட்டில் இருக்கும், அதன் தொடர்ச்சி வேறொரு பேரேட்டின் கடைசியில் செருகப்பட்டிருக்கும். எந்த ஊர்க் காணியின் தொடர்ச்சி எங்கே கிடக்கிறது என்பது அந்த அண்ணரின் மனதில் இருந்தது. வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

அடுத்த வருடம் நான் என் ஓய்வூதியக் கடிதம் ஒன்றுக்காகக் கந்தோருக்குப் போனேன். வெள்ளாவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் வாங்கில் இருந்தார். புருஷன் செத்து ஏழு மாதம். வயல் பேர்மிட்டைத் தன் பேருக்கு மாற்ற வந்திருந்தார். அன்றைக்கு வந்தது நாலாவது தடவை. என்னைக் கண்டதும் எழும்பி வந்து, "இண்டைக்கும் பைல் கிடைக்கல்லயாம் மனெ. இந்தப் போகத்துக்குள்ள பசளைக்கு எழுதோணும், பேர்மிட் இல்லாட்டி எழுதமாட்டாங்களாம்" என்றார். ஒரு பொலித்தீன் பையில் மரணச் சான்றிதழையும் கலியாணப் பதிவையும் மடித்து வைத்திருந்தார். மடித்த இடம் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. மேசையில் இருந்த பிள்ளை வேறு பகுதியிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தவன். முகம் வியர்க்கப் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனையும் நான் குறை சொல்லமாட்டேன். அண்ணருக்கு நான் போன் எடுத்தேன். பென்ஷன்காரர், கால் வருத்தக்காரர். பிறகு மூன்று நாள் பஸ் ஏறி வந்து, சம்பளமும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அது வயது முடிந்து வந்த ஓய்வு. யார் போவார், எப்போது போவார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஓய்வு. அப்படியிருந்தும் இந்தக் கதி. ஒரு படிவத்தை எல்லோருக்கும் நீட்டி, விரும்பியவர் ஒப்பமிடலாம் என்றால், யார் போகப்போகிறார் என்பது கையெழுத்து விழும் வரைக்கும் உங்களுக்கே தெரியாது.

யார் போவார் என்று நான் சொல்கிறேன். 2022 ஜூனில் 14/2022ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமில்லாமல், சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளியே போகலாம் என்றது. எங்கள் கந்தோரில் முதலில் போனவன் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மதகு, வீதி மதிப்பீடு எல்லாம் அவன் கையில்தான். கட்டாரில் வேலை கிடைத்தது. அடுத்துப் போனவள் கணக்குப் பகுதியில் கணினி தெரிந்த பிள்ளை. மரத்தடியில் நின்றவர்களில் ஒருவரும் போகவில்லை. அவர்களுக்குப் போக இடம் இல்லை. வெளியே கேள்வி உள்ளவன்தான் முதலில் போவான். காசையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் வேகமாகப் போவான். வைத்தியசாலைகளில் தாதியரும் வைத்தியர்களும் போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வெளிநாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. இந்தியாவின் அரச தொலைபேசி நிறுவனமான பீ.எஸ்.என்.எல். 2019 கடைசியில் 50 வயதைத் தாண்டிய ஊழியர்களுக்குச் சுயவிருப்ப ஓய்வைக் கொடுத்தது. சுமார் ஒன்றரை இலட்சம் பேரில் 78,500க்கு மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே போனார்கள். பாதி நிறுவனம் ஒரே நாளில் காலி. அமெரிக்கா 2025 ஜனவரி கடைசியில் தன் கூட்டாட்சி ஊழியர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது. விலகுகிறேன் என்று பதில் போடுங்கள், செப்டெம்பர் வரைக்கும் சம்பளம் தருகிறோம் என்றது. இரண்டு கிழமைக்குள் சுமார் 75,000 பேர் பதில் போட்டார்கள். எந்த மேசை காலியானால் எந்த வேலை நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க அந்த இரண்டு கிழமை எப்படிக் காணும்? அதே அமெரிக்கா 1994இல் சட்டம் இயற்றி, ஆளுக்கு அதிகபட்சம் 25,000 டொலர் என்று வைத்து இதைச் செய்தது. ஐந்து வருடத்துக்குள் மறுபடி அரச வேலைக்கு வந்தால் வாங்கிய முழுத் தொகையையும் திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. நட்டஈட்டையும் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராக அதே கதிரைக்கு வரும் வழியை அது அடைக்கிறது. அந்த வழியில் வருபவர் தாபனப் பகுதியில் இருந்த என்னைப் போன்றவராக இருக்கமாட்டார், மேல்மாடியில் இருந்தவராகத்தான் இருப்பார்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1990இல் 44/90ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் கீழ் வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிப் போனவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். அந்த வருடம் மட்டக்களப்பில் ஒருவர் எந்த மனநிலையில் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. பஸ் இல்லை. கந்தோருக்கு வரும் வழியில் எத்தனை சோதனைச் சாவடி! பயத்தில் எழுதிக்கொடுத்ததைச் சுயவிருப்பம் என்று கோவையில் போடலாம். எழுதியவருக்குத் தெரியும் அது என்னவென்று.

ஆகவேதான் இந்தச் சுயவிருப்பம் என்ற சொல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் கூடாரம் அடித்து இருந்தார்கள். நூறு நாளையும் தாண்டிப் போன போராட்டம். பாயும் தலையணையுமாகப் பெண் பிள்ளைகள் இரவில் அங்கே படுத்தார்கள். நானும் ஒரு நாள் தேத்தண்ணீர் வாளியோடு போனேன். அதில் இருந்தவர்களில் பலர் பிறகு நியமனம் பெற்று, 2018, 2019, 2020 என்று அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக வந்தார்கள். இன்றைக்கு அவர்களுக்கு 35, 40 வயது. தெருவில் கிடந்து பெற்ற வேலையை ஒரு தொகைக்காக விடச்சொல்லிக் கேட்கப்போகிறோம் என்றால், கேட்கும் முறையில் மரியாதை இருக்கவேண்டும். கதிரை கொடுக்காமல், வேலை கொடுக்காமல், தூர இடத்துக்கு இடமாற்றம் போட்டுக் களைக்க வைத்துவிட்டு, பிறகு படிவத்தை நீட்டுவது மரியாதை இல்லை. அந்தப் படிவத்தில் ஒப்பமிடாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காது என்றால், ஒன்றும் நடக்காது என்று எழுதுங்கள்.

அடுத்தது காசு. இதில்தான் பிள்ளைகள் ஏமாறுவார்கள் என்று எனக்குப் பயம். இருபது இலட்சம், முப்பது இலட்சம் என்று கேட்டதும் கண் விரிகிறது. இவ்வளவு காசை ஒன்றாகக் கண்ட குடும்பங்கள் அல்ல இவை. நான் கேட்கிறவர்களிடம் ஒரு கடதாசியை எடுக்கச்சொல்லி, சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைக்கச்சொல்வேன். இடர்க்கடன் மீதி எவ்வளவு? பண்டிகை முற்பணம்? வங்கிக் கடன்? அதெல்லாம் முதல் நாளே கழிபடும். பிறகு யார் யாருக்குப் பிணை நிற்கிறாய் என்று கேட்பேன். எங்கள் ஊரில் வங்கியில் கடன் எடுப்பதென்றால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேரின் பிணை வேண்டும். ஒரு ஆசிரியையோ எழுதுவினைஞரோ தன் வாழ்நாளில் பத்துப் பேருக்காவது பிணை நின்றிருப்பார். அவர் வேலையை விட்டால் வங்கி மற்றவரிடம் வேறு பிணை கொண்டு வா என்று கேட்கும். இந்தக் கணக்கு எந்த அமைச்சின் பத்திரத்திலும் வராது. படுவான்கரையில் ஒரு கிராமத்துக்கு அரச சம்பளம் வாங்கும் வீடு ஐந்தோ ஆறோதான் இருக்கும். அந்த வீடுகளைப் பிடித்துக்கொண்டு மற்ற வீடுகள் நிற்கின்றன.

மிச்சக் காசு எங்கே போகும்? மகளுக்கு வீடு கட்டப் போகும். மட்டக்களப்பில் பெண் பிள்ளைக்கு வீடு வளவு கொடுப்பது தாய் தகப்பனின் கடமை. இருபது வருடமாக அத்திவாரத்தோடு நிற்கும் வீட்டுக்குக் கூரை ஏறும், பூமுகம் ஓடு போடப்படும். அது நல்ல காரியம்தான், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் என் கூரை பணிக்கொடையில் ஏறியது, அதற்குப் பிறகும் மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அதை விட்டுக் கொடுத்தவருக்கு வீடு முடிந்த மாதமே வருமானமும் முடிந்துவிடும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்னிருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடி நின்றது. 2021இல் நட்டஈட்டை வாங்கி நிலையான வைப்பில் போட்டவரின் காசு என்ன ஆகியிருக்கும்? மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசாங்கம் பிந்தியென்றாலும் கூட்டலாம். கொடுத்து முடித்த தொகையை யாரும் கூட்டமாட்டார்கள்.

சம்பளக் கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. ஆனால் அந்தக் கூட்டல் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தவணையில் வருகிறது. நடுவில் விலகிப்போகிறவரின் நட்டஈட்டை எந்த அடிப்படைச் சம்பளத்தில் கணிப்பீர்கள்? கையில் வந்ததிலா, 2027இல் வரவேண்டியதிலா? இதைச் சின்ன விடயம் என்று எண்ணவேண்டாம். 2016 சம்பளத் திருத்தம் 2020 வரை கட்டம் கட்டமாக வந்தது. அந்த இடைவெளியில் ஓய்வுபெற்ற என் சிநேகிதிகள், ஒரே தரத்தில் ஒரே சேவைக்காலம் இருந்தும், பின்னால் போனவர்களைவிடக் குறைந்த ஓய்வூதியத்தை வருடக்கணக்கில் வாங்கினார்கள். 2020க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு மூன்று கட்டமாகத் திருத்தித் தருவதாக 2025இல்தான் சொல்லப்பட்டது. அதற்குள் சிலர் செத்துப் போனார்கள்.

தலைப்பில் எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்பதும் உயிரான விடயம். அரச சேவை விதிகள் இருக்கும் தாபனக் கோவையோடும், ஓய்வூதிய விதிகள் இருக்கும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்போடும் 36 வருடம் பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பதவி விலகல் வேறு, ஓய்வுபெறல் வேறு. பதவி விலகுகிறேன் என்று எழுதிக்கொடுத்தவருக்கு, அவர் 25 வருடம் வேலை செய்திருந்தாலும், ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியம் யாருக்கும் முழு உரிமை அல்ல என்று அந்தப் பிரமாணக் குறிப்பின் முதற் பிரிவே சொல்கிறது. அப்படியிருக்க, சுயவிருப்பப் பதவி விலகல் என்று ஒரு படிவம் வந்தால், அதில் ஒப்பமிடும் பிள்ளை தன் ஓய்வூதியத்தையும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் கட்டியதையும், அக்ரஹார மருத்துவக் காப்புறுதியையும் ஒரே வரியில் விட்டுக்கொடுக்கிறாளா இல்லையா? இதற்குப் பதில் படிவத்தின் முதற் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். பின் இணைப்பில் வேண்டாம்.

தமிழிலும் இருக்கவேண்டும், அதே நாளில். இதை மொழிப் பிரச்சினையாக மட்டும் நான் எழுப்பவில்லை. சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையின் தமிழ்ப் பிரதி இரண்டு மூன்று கிழமை பிந்தி வந்து, அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துபோன அனுபவம் எங்களுக்கு ஒன்றல்ல இரண்டல்ல. கந்தோரில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாய்ப்பேச்சில் சொல்ல, மற்றவர்கள் அதை நம்பித் தீர்மானம் எடுப்பார்கள். ஒரு லீவு விண்ணப்பத்துக்கு அது போதும். வாழ்நாள் வேலையை விடுவதற்குப் போதாது. தமிழ்ப் பிரதி கந்தோருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் அவகாசத்தை எண்ணவேண்டும். அந்த அவகாசம் ஆறு மாதமாவது இருக்கவேண்டும். ஒப்பமிட்ட பிறகும் ஒரு மாதத்துக்குள் மனம் மாறினால் திருப்பி எடுக்க வழி வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். என் மூத்த மச்சான் ஒரு கூட்டுத்தாபனத்தில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம். சுயவிருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்து, வீட்டுக்குப் போகச்சொல்லி, அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். காசு மூன்று மாதத்தில் என்றார்கள். வந்தது மூன்றாம் வருடம், இரண்டு தவணையாக. நடுவில் சம்பளமும் இல்லை, நட்டஈடும் இல்லை. வேலையில் இல்லாதவருக்கு வங்கியும் கடன் கொடுக்காது. மச்சாளின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய், திரும்பி வரவில்லை. மச்சான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் உடுத்துக்கொண்டு, கையில் பைலோடு பஸ் தரிப்பிடத்துக்குப் போவார். வேலைக்குப் போகிறார் என்று அயலவர் நினைக்கட்டும் என்று. இதை அவர் செத்த பிறகு மச்சாள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆகவே, காசு வங்கிக் கணக்கில் விழுந்த நாளுக்கு அடுத்த நாள்தான் சேவை முடிந்த நாளாக இருக்கவேண்டும். அதுவரை அவர் சம்பளம் வாங்கும் ஊழியர். இந்த ஒன்றை நீங்கள் சட்டத்தில் எழுதினால் மற்ற எத்தனையோ குறைகளைச் சனம் பொறுக்கும்.

போனவரின் பதவியை என்ன செய்வீர்கள் என்பது என் கடைசிக் கவலை, ஆகப் பெரிய கவலையும் அதுதான். ஆள் போனதும் ஆளணியிலிருந்து அந்த இடத்தை அழித்துவிடுவதுதான் இப்படியான திட்டங்களின் நோக்கம், அதனால்தானே செலவு குறையும். கொழும்பில் ஒரு அமைச்சில் நாற்பது பேரில் ஐந்து பேர் போய், ஐந்து இடமும் அழிந்தால், முப்பத்தைந்து பேர் இருப்பார்கள். வாகரையிலோ வவுணதீவிலோ பட்டிப்பளையிலோ காணிப் பகுதியில் ஒரே ஒருவர் போய், அந்த இடம் அழிந்தால், பகுதியே அழிந்தது. திருக்கோவில், பொத்துவில் பக்கத்துக் கந்தோர்களில் இருக்கும் என் சிநேகிதிகளும் இதையே சொல்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. அவற்றில் எது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், எது மேற்கே படுவான்கரையில் என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே வீதத்தைப் போடாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். ஆளைக் கேட்க முன்பு கதிரையை எண்ணுங்கள். எந்தக் கந்தோரில், எந்தப் பகுதியில், எந்தப் பதவி மிகை என்று இடம் இடமாகப் பட்டியல் போட்டு, அதை அந்தந்தக் கந்தோரின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மிகை என்று குறித்த இடத்தில் இருப்பவருக்கு மட்டும் படிவத்தைக் கொடுங்கள். அதற்கும் முன்பு, மரத்தடியில் நிற்கும் பிள்ளைக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, காணிப் பகுதிக்கோ, கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கோ போக விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் ஆம் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். 2025இல் 30,000 பேரைப் புதிதாகச் சேர்ப்பதற்கு வரவு செலவுத் திட்டத்திலேயே இடம் வைத்தீர்கள். ஒரு வாசலால் காசு கொடுத்து அனுப்பி, மறு வாசலால் புதிதாக எடுப்பதற்கு முன், உள்ளே நிற்பவர்களை ஒரு தரம் பாருங்கள். விலகிப்போக விரும்புகிறவர் கட்டாயம் போகலாம், நான் தடுக்கவில்லை. என்னோடு இருந்த இரண்டு பேருக்கு இந்தத் திட்டம் உண்மையில் விடிவாக இருக்கும். ஒருத்தி வருத்தக்காரி, மற்றவனுக்கு அக்கரைப்பற்றில் தகப்பனின் கடை இருக்கிறது. அவர்கள் சந்தோசமாகப் போகட்டும். போகும் முன் மூன்று மாதம், தன் இடத்துக்கு வருபவரைப் பக்கத்தில் இருத்தி, பேரேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கணக்கை எடுக்க உங்கள் அமைச்சிலிருந்து யாராவது வருவதாக இருந்தால், மண்முனைப் பாலத்தால் காரில் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். களுவாஞ்சிக்குடி வரை வந்து, காலை ஏழு மணிக்குக் குருமண்வெளித் துறையில் இறங்குங்கள். மண்டூருக்குப் போகும் பாதைப் படகில் அந்த நேரம் ஆசிரியைகள், கந்தோர்ப் பிள்ளைகள், தாதிமார் எல்லோரும் மோட்டார் சைக்கிளோடும் சாப்பாட்டுப் பையோடும் ஏறுவார்கள். அக்கரை போய்ச் சேரும் வரைக்கும் அவர்களோடு பேசலாம், எந்தக் கந்தோரில் எந்தக் கதிரை காலி என்று அவர்களே சொல்வார்கள். நானும் வருவேன். காணிப் பகுதி அண்ணரையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவர் இன்னும் வெள்ளைச் சட்டைப் பையில் சிவப்புப் பேனை வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரதம முகாமைத்துவ உதவியாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.